தேர் வடத்தைக் கட்டி ஓடையில் இறங்கப் போனது

பிள்ளைகளே, உங்கள் மாமா ஏன் பிரான்சுக்குப் போகவில்லை என்று கேட்டீர்கள். அவரைக் கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. மில்லில் நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டுவோம், இதுவும் அப்படித்தான் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தெரு முனை மாடி வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிரெஞ்சில் ஐயா என்பது போல, தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு மொட்டை மாடியில் பாட்டில் திறப்பார். மில்லில் வேலை செய்யும் நாங்கள் நாலைந்து பேர் ஏறிப் போவோம். வீராம்பட்டினத்திலிருந்து உங்கள் மாமாவும் சைக்கிளில் வந்துவிடுவார். நாங்கள் போனது பாட்டிலுக்காக. அவர் கூப்பிட்டது, தான் பேசுவதைக் கேட்க ஆள் வேண்டுமென்று.

ஒரு ஞாயிறு அவர் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையை விரித்தார். பாறை இடுக்கில் ஓடும் ஓடை, அதில் விழும் அருவி, அருவியோடு அருவியாகக் கயிற்றில் இறங்கும் வெள்ளைக்காரர்கள். கல்வராயன் மலையில் இதே மாதிரி ஓடை இருக்கிறதாம். மழை முடிந்ததும் வேன் வைத்துக்கொண்டு விடியுமுன் கிளம்பி, மேலே ஏறி, ஓடை வழியே கயிறு கட்டி இறங்கி, கீழே வந்து சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாமாம். அந்த ஓடையை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் திட்டம். பிரியாணியைச் சட்டியோடு கொண்டுபோவதா, பொட்டலமாகவா என்று ஒரு ஞாயிறு போயிற்று. எல்லோரும் ஒரே நிறத்தில் தொப்பி போடலாமா என்று இன்னொரு ஞாயிறு. கேமரா நனையாமலிருக்க என்ன செய்வது என்று மற்றொன்று. அருவி எத்தனை ஆள் உயரம், கீழே பாறையா மடுவா என்று கேட்க மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

முதலில் இறங்குவது யார் என்பதை முசே ஒரே பேச்சில் முடித்துவிட்டார். உங்கள் மாமா. கடலுக்குப் போகிற பையன், தண்ணீருக்குப் பயப்பட மாட்டானாம். கடலும் மலை அருவியும் ஒன்றா? கேட்கவேண்டிய மாமா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். ஏனென்றால், பிரான்சுக்கு அனுப்பிவைக்கிறேன் என்று முசே அவரிடம் சொல்லியிருந்தார். பால்காரனிடமும் முடி வெட்டுகிறவனிடமும் அதையே சொல்லியிருந்தார். நம்பியது மாமா மட்டும்தான். உங்கள் அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி. அவன்தான் முதலில் இறங்கப்போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இனி கயிறு. நல்ல கயிறு எது என்ற பேச்சு வந்தபோது முசே கண்டுபிடித்தார், வீராம்பட்டினத்துத் தேர் வடம். வடம் மாற்றும்போது பழையதை ஊர்க்காரர்கள் துண்டு போட்டு எடுத்துப்போய் வைத்துக்கொள்வார்கள். மாமாவின் சொந்தக்காரர் ஒருவரிடம் நீளமான துண்டு இருந்தது. மாமா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கொல்லையில் போட்டார். நான் பிடித்துப் பார்த்தேன். விரலும் விரலும் தொடவில்லை, அவ்வளவு தடிமன். முனையைத் தொட்டித் தண்ணீரில் முக்கினேன், இன்னும் ஊதிக்கொண்டது. ஈரத்தில் ஒரு மனுஷன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

மாடியில் அதைச் சொன்னேன். முசே கண்ணாடித் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "ஊரே புடிச்சி இழுத்து அம்மன் தேரு நகர்ந்த வடம்யா இது. ஒத்த ஆளத் தாங்காதா?"

அவ்வளவுதான். தாங்காது என்று சொன்னால் அம்மனையே சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்தக் கோயில் வாசலை மிதித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ அந்த மனுஷனுக்கு. எங்கள் வாயை அடைக்க அம்மன் வேண்டியிருந்தது. நாங்களும் அடைத்துக்கொண்டோம். மில்லில் நாள் முழுக்க நூலையும் முறுக்கையும் பார்க்கிறவர்கள் நாங்கள்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு வடத்தை மாடிக்கு ஏற்றினோம். முசே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டார். பிறகு, எப்படி இறங்குவது என்று செய்து காட்ட எழுந்தார். அந்த நேரத்தில் உங்கள் அம்மா வறுத்த மீன் தட்டோடு மேலே வந்தாள். அதற்கு முன் அவள் அந்த மாடிக்கு வந்ததே இல்லை.

முசே வடத்தைத் தொடை இடுக்கில் விட்டு, இடுப்பைச் சுற்றி, மார்புக்குக் குறுக்கே தோளில் போட முக்கிக்கொண்டிருந்தார். பிரான்சில் எல்லோரும் இப்படித்தான் இறங்குவார்களாம்.

உங்கள் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "முசே, அது அம்மன் வடமாச்சே."

"ஆமாம்மா. அதனாலதான் பயமே இல்லன்றேன்."

"அதத் தொடயிடுக்குல வுட்டுக்கினா என் தம்பி எறங்கணும்? ஊர்ல வந்து கேட்டா நீங்க பதில் சொல்றீங்களா?"

எங்களில் ஒருவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முசே ஒரு காலைத் தூக்கி, கொடிக்கயிற்றைத் தாண்டுகிற மாதிரி வடத்தைவிட்டு வெளியே வந்தார். சரி, கடைத்தெருவில் நைலான் கயிறு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

இத்தனை ஞாயிறும் பேசாத உங்கள் மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப நீங்க மொதல்ல எறங்குங்க முசே. நான் பின்னால வர்றேன்."

முசே முழங்காலைத் தடவினார். பழைய அடியாம், டாக்டர் ஏறி இறங்கவே கூடாது என்றிருக்கிறாராம். நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிற அந்த முழங்காலை மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த மாடிக்கு அவர் மறுபடி ஏறவில்லை. பிரான்சுப் பேச்சும் அதோடு போயிற்று.

வேனுக்குச் சொல்லிவிட்டதால் மற்றவர்கள் மலைக்குப் போய் வந்தார்கள். முசே வீட்டுக் கூடத்தில் ரொம்ப காலம் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அருவிக்குக் கீழே அவர் நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கால்சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வருகிறவர்களிடம் இறங்கிய கதையைச் சொல்வார். கேட்கிறவர்களும் கேட்டார்கள்.

அன்றைக்கு மாடியிலிருந்து வீட்டுக்கு வரும்போது நான் உங்கள் அம்மாவிடம் கேட்டேன், வாரம் முழுக்க அந்த வடச் சுருள் மேல் உட்கார்ந்துதானே கொல்லையில் மீன் ஆய்ந்தாய் என்று.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேற இன்னா சொன்னா அந்த ஆளு வாயி மூடும்?" என்றாள்.