இடது கன்னம்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாடு விட்டு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், மூன்று கிழமைக் குழந்தையாக இருந்த என் மகளுக்கு இடது கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. சில மாதங்களில் அது ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரிப் புடைத்துவிட்டது. இரத்தக்குழாய்க் கட்டிதான், ஆபத்தில்லை, பள்ளிக்கூடம் போகிற வயதில் தானாக வாடிவிடும், கை வைக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பாவுக்கு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கக் கிரகண நேரம் வெளியே திரிந்திருப்பாள் என்று ஊர் பழியை என் தலையில்தான் போடும். பஸ்ஸில் எட்டிப் பார்த்தவர்களிடமே எரிந்து விழுந்தவள் நான். ஊருக்கு அனுப்பிய படங்களில் எல்லாம் பிள்ளையின் வலது பக்கம் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டேன். “முழு முகமும் தெரிய ஒரு படம் அனுப்பு பிள்ளை” என்று அப்பா ஒரேயொரு தரம் எழுதினார். கட்டி வாடட்டும், பிறகு அனுப்புவம் என்று இருந்துவிட்டேன்.

அவளுக்கு ஐந்து வயதில் அது வாடியது. உடனே படம் எடுத்து அனுப்பினேன். அது போய்ச் சேருமுன் அப்பா போய்விட்டார்.

படத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் அப்பாவோடு இருந்த அண்ணா எழுதினார்: “பிள்ளைக்கு இடது கண் இல்லை, அதைத்தான் நீ மறைக்கிறாய் என்று அப்பா நினைத்திருந்தார். திரும்பக் கேட்க அவருக்குப் பயம். அம்மனுக்கு வெள்ளியில் ஒற்றைக் கண்மலர் செய்து சாத்தினார்.”

கடிதத்தோடு இருந்த என்னை இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று மகள் இங்கிலீஷில் கேட்டாள்.