ஐறீன் அக்காவும் பொய் சொல்லும் பெட்டிகளும்

ஐறீன் அக்கா மின்கம்பத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் கைபேசி, மறு கை முழங்கைவரை கம்பத்தின் பின்னால். கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தியில் சனம் விலகி விலகிப் போகிறது. "மிஸ், மொகத ஹொயன்னே?" என்று ஒரு பொலிஸ்காரர் வந்து நிற்கிறார். என்ன தேடுகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தோடு தொலைந்துவிட்டது என்று அக்கா சிங்களத்தில் சொல்லி முகத்தையும் வாட்டிக்கொள்கிறார். இரண்டு காதிலும் இரண்டு தோடுகள் ஆடுகின்றன. பொலிஸ்காரரும் பாவம், குனிந்து தேடுகிறார்.

அக்கா தேடுவது பெட்டியை. உலகம் முழுக்க வேலையற்றவர்கள் சிலர் (இது அவருடைய கணவர் றேமண்டின் சொல், என்னுடையதல்ல) சின்னப் பெட்டிகளை ஊருக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை ஒரு செயலியில் போட்டுவிடுகிறார்கள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, வெளியாருக்குத் தெரியாமல் பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். "கண்டுபிடிச்சா என்ன தருவினம்?" என்று நான் முதல்முறை கேட்டபோது அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஐயோ தங்கச்சி, பேர் எழுதலாமே!"

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. புதுக்கடை நீதிமன்றப் பக்கம், நான் ஜூனியராக இருக்கும் அதே வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடமாகக் கிளார்க். நில வழக்குக்குப் பச்சை உறை, விவாகரத்துக்கு நீலம், வாடகை வழக்குக்கு மஞ்சள். உறை மாறினால் அக்காவுக்கு இரத்த அழுத்தம் ஏறும். ஒருமுறை நான் நீலத்தில் வைக்க வேண்டியதைப் பச்சையில் வைத்துக் கொடுத்துவிட்டேன். எங்கள் சீனியர் சேர் நீதிமன்றத்தில், பிரிந்து வாழும் ஒரு தம்பதியைக் கையால் காட்டி, எல்லை மதிலைப் பற்றி நான்கு நிமிடம் வாதாடினார். அன்று அக்கா என்னுடன் கதைக்கவில்லை. மறுநாள் என் மேசையில் மூன்று நிற உறைகளையும் பரப்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறம் சொல்லித் தந்தார்.

பெட்டிகளுக்கும் இப்படி வகை உண்டு. எண்கள் காட்டும் இடத்திலேயே பெட்டி இருந்தால் அது ட்ரடிஷனல். அங்கே போனால் இன்னோர் இடத்துக்கான குறிப்பு மட்டும் கிடைத்தால் அது மல்டி. ஒளித்துவைப்பவர் எந்த வகை என்று செயலியில் சரியாகக் குறிக்க வேண்டும். பலர் குறிப்பதில்லை. அக்காவின் உலகத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. "களவெடுத்தவனைக்கூட மன்னிக்கலாம், ஏதோ பசியில எடுத்திருப்பான். இவனுக்கு என்ன பசி? ஒரு பட்டனை ஒழுங்கா அமத்த ஏலாதோ?" என்பார். செயலியை நடத்துபவர்களுக்கு இதுவரை முப்பத்தெட்டு முறைப்பாடுகள் அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருக்கிறார்.

பெட்டி தேடத் தொடங்கிய இந்த ஆறு வருடத்தில் அக்காவுக்குக் கிடைக்காத ஒன்றும் உண்டு. புதுப் பெட்டியை முதலில் கண்டுபிடிப்பவர், தாளின் முதல் வரியில் பெயர் எழுதுவார். அந்த முதல் வரி ஒருநாளும் அக்காவுக்குக் கிடைத்ததில்லை. எங்கே போனாலும் அங்கே ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும்: ஸியாம். தெஹிவளையில் மருந்துக்கடை வைத்திருக்கும் இளைஞர். "நல்ல பிள்ளை. ஆனா அவன்ர கையெழுத்தைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது" என்பார் அக்கா.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பதினொரு மணிக்கு அக்காவின் கைபேசி கிணுங்கியது. வெள்ளவத்தையில் புதுப் பெட்டி, வகை ட்ரடிஷனல், இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அக்கா எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. "சேர், அவசரம்!" என்றார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சேரும் எழுந்து நின்றார். "தங்கச்சி, ஸ்கூட்டி சாவியை எடுங்கோ!"

காலி வீதி முழுக்க அக்கா என் தோளில் தட்டிக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது, "இவங்களுக்கு வேற வேலையில்லையோ" என்று விளக்கைத் திட்டினார். மரைன் டிரைவில், கடலைப் பார்த்து உட்காரும் சீமெந்து வாங்கு ஒன்றில் செயலி தூரம் பூச்சியம் என்று காட்டியது. வாங்கின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஸியாம்!" அக்காவின் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வரும்போல இருந்தது.

"பெட்டி இல்ல ஆன்ட்டி," என்றது வாங்கின் அடி. "அரை மணித்தியாலமா தேடுறேன்."

அக்காவின் முகத்தில் சூரியன் உதித்ததை நான் பார்த்தேன். "ஒளிச்சு வச்சுக்கொண்டு பொய் சொல்லேல்லைத்தானே?"

"வல்லாஹி இல்ல, ஆன்ட்டி!"

பிறகு இருவரும் சேர்ந்து தேடினார்கள். அக்கா அலுவலகப் பாவாடையோடு மண்டியிட்டார். வாங்கின் கீழே எண்கள் பொறித்த சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் காட்டினேன். "அது வாங்கு செய்த கம்பனிட நம்பர், விடுங்கோ" என்றார் அக்கா. "நானும் அப்பிடித்தான் நினச்சேன்" என்றார் ஸியாம். ட்ரடிஷனல் என்று போட்டிருக்கும்போது பெட்டியைத்தானே தேட வேண்டும்? எண்களை யார் பார்ப்பார்கள்? கடற்காற்றில் தலை கலைந்து, வடைக்காரர் முதல் காதல் சோடிகள்வரை எல்லோரும் வேடிக்கை பார்க்க, இருபது நிமிடம் போனது.

திடீரென்று அக்கா அசையாமல் நின்றார். "கம்பனி நம்பர் ஏன் ஆறில தொடங்குது?" என்று முணுமுணுத்தார். "அடுத்தது எழுபத்தொன்பது." கொழும்பில் எந்த இடத்தைக் குறித்தாலும் அதன் வரைபட எண்கள் ஆறிலும் எழுபத்தொன்பதிலும்தான் தொடங்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அக்கா ரகசியமாக வைத்துக்கொண்டு நழுவியிருக்கலாம். அவரால் எப்படி முடியும்? "இது மல்டி!" என்று தெருவே அதிரக் கத்தினார். "கழுதை, மல்டியைப் போய் ட்ரடிஷனல் எண்டு போட்டிருக்கு!"

ஸியாம் துள்ளி எழுந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடமாக மடக்கி வைத்திருந்த கால் மரத்துப்போயிருந்தது. அக்கா தகட்டின் எண்களைக் கைபேசியில் அடித்துவிட்டு ஓடினார். ஐம்பத்தாறு வயதில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்து, வழிநெடுகச் சிரித்துக்கொண்டே ஓடினார். நான் சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இருநூறு மீற்றருக்கு அப்பால், ஒழுங்கை மூலை மதிலில் ஒரு கல் ஆடியது. கல்லுக்குப் பின்னால் பிலிம் டப்பா. டப்பாவுக்குள் சுருட்டிய தாள். அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த ஸியாம் தன் பேனையை நீட்டினார். "எழுதுங்க ஆன்ட்டி. பர்ஸ்ட் லைன் உங்களுக்குத்தான்." சரியான வகை போட்டிருந்தால் இந்த வரி எப்போதோ ஸியாமுடையதாகியிருக்கும் என்பது மூவருக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா பேனையை வாங்கினார். கண்ணைத் துடைத்தார். தாளை மதிலில் விரித்து, ஓரங்களை நீவி, முதல் வரியில் தன் அழகான கிளார்க் எழுத்தில் நிதானமாக எழுதினார்: "வகை பிழை. இது மல்டி. உடனே திருத்தவும்." அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். பிறகுதான் தன் பெயரை எழுத இரண்டாவது வரிக்கு இறங்கினார்.