வெல்வெட் அங்கி

பெரம்பலூரில் என் மகள் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அப்பாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். வழியில் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் முன்கண்ணாடிக்கு மேல் மஞ்சள் குஞ்சம் வைத்த சிவப்பு வெல்வெட் துணி ஆடியது. அரியலூரில் என் பள்ளி விழாவில் நான் ராணி வேஷம் போட்ட மேடை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. வாடகை உடுப்பு எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. சிமெண்ட் லாரி ஓட்டிய அப்பா, லாரியில் தொங்கவிட வாங்கி வைத்திருந்த இதே மாதிரித் துணியை வெட்டித் தன் கையாலேயே அங்கி தைத்தார். அவர் விரலின் டீசல் வாசம் அதில் ஏறியிருந்தது. கண்ணாடியில் நான் நிஜ ராணியாகவே தெரிந்தேன்.

மேடை ஏறியதும் கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"டேய், லாரி வந்துடுச்சுடா! வழி வுடுங்க!"

எல்லோரும் வாயாலேயே ஹாரன் அடித்தார்கள். வசனம் மறந்துபோய், மேடைக்குப் பின்னால் ஓடி அழுதேன்.

அப்பா காக்கிச் சட்டையோடு, தலையைக் குனிந்தபடி வந்தார். "அப்பாதான் யோசிக்காம தெச்சுட்டேன் பாப்பா," என்றவர், நூலைப் பல்லால் கடித்துக் குஞ்சங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். "இப்பப் போ. லாரி மாதிரி இருக்காது."

திரும்பப் போய் வசனத்தை முழுசாகச் சொன்னேன். கேட்க அவர் அங்கே இல்லை. வெளியே ரோட்டோரம் நின்றிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை அந்தப் பள்ளிக்குள் அவர் வரவேயில்லை.

ஆட்டோ மகளின் பள்ளி வாசலில் நின்றது. அப்பா இறங்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

"நீ போயிட்டு வா பாப்பா. நான் இங்கயே நிக்கிறேன்."