சான்டா கிளாராவில் ஒரு நேயர்

டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்து ஊரான காப்பெலில் நஞ்சப்பனைத் தெரியாத தமிழர்கள் குறைவு. தெரிந்த பிறகும் அவரிடம் செடிகொடி பற்றிப் பேச்சுக் கொடுப்பவர்கள் அதைவிடக் குறைவு. கோபிசெட்டிபாளையத்துக்காரர், ஐம்பத்து மூன்று வயது, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. பிறந்தநாள் விருந்தில் யாராவது அப்பாவி, "அங்கிள், எங்க வீட்டுக் கறிவேப்பிலை வாடுதே" என்று வாயைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. கேக் வெட்டி, பிரியாணி பரிமாறி, குழந்தைகள் ஷூவைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலும் மனிதர் தொட்டி மண்ணை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார்.

மகள் ரோஷினிதான் இதற்கு ஒரு வழி சொன்னாள். "அப்பா, யூ ஷுட் டூ அ பாட்காஸ்ட்." விருப்பமுள்ளவர்கள் கேட்கட்டும், மற்றவர்கள் தப்பித்துப் போகட்டும் என்பது அவள் எண்ணம். நஞ்சப்பனோ அதைத் தன் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"அதென்னடா அது, ரேடியோவா?" என்று கோபியிலிருந்து அக்கா போனில் கேட்டாள்.

"ரேடியோ மாதிரிதானுங்க்கா. ஆனா ஸ்டேஷன் கெடையாது, நேரம் கெடையாது. நாம பேசி நெட்ல போட்டுட்டாப் போதும். கேக்கறவங்க பாத்திரம் கழுவறப்ப, காரோட்டறப்ப, எப்ப வேணுமோ அப்பக் கேட்டுக்குவாங்க."

"அப்ப உன்ன நிறுத்தச் சொல்றதுக்கும் ஆளில்லீன்னு சொல்லு."

பாட்காஸ்ட் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லிவிட முடியாது.

'டெக்சாஸில் கறிவேப்பிலை' அக்டோபரில் தொடங்கியது. வாரம் ஒரு எபிசோடு, பதினைந்து நிமிடம். ஹாலில் பேசினால் எதிரொலித்தது, கராஜில் பேசினால் ஹீட்டர் உறுமியது. கடைசியில் மனைவி பவளம் துணிமணி மாட்டி வைக்கும் க்ளாசெட் அறைக்குள் போய் உட்கார்ந்தார். அடடா! நாற்பத்தோரு பட்டுப்புடவைகள் சுற்றிலும் தொங்க, சத்தம் அப்படியே பஞ்சு மாதிரி அடங்கிப்போனது. எந்த ஸ்டூடியோவில் இந்த வசதி இருக்கிறது?

பவளத்துக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்குக் கிளம்ப ஒரு புடவை எடுக்கப் போனால், உள்ளே இருட்டில் ஓர் ஆள் முக்காலி மீது உட்கார்ந்து "வணக்கம் நேயர்களே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் பொறுமைக்கும் எல்லை உண்டு அல்லவா?

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றாள் ஒரு நாள். "இருபத்தஞ்சு எபிசோடு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள நம்ம சொந்தக்காரங்க இல்லாத ஒரே ஒருத்தராச்சும் இதை மெனக்கெட்டுக் கேட்டிருக்கோணும். இல்லீன்னா மைக்கைக் கொண்டுபோய் கராஜ்ல வெச்சுருங்க."

நஞ்சப்பன் ஒத்துக்கொண்டார். ஆனால் எபிசோடுக்கு ஒன்பது பேர், பத்துப் பேர் என்றே எண்ணிக்கை நின்றது. அத்தனை பேரும் பங்காளிகள், சம்பந்திகள், அக்கா. போதாக்குறைக்கு பிப்ரவரியில் ஒரு மானக்கேடு வேறு. உறைபனியிலிருந்து செடியைக் காப்பது எப்படி என்று பதினெட்டாம் எபிசோடை மும்முரமாகப் பதிவு செய்துகொண்டிருந்த நாளிலேயே, தன்னுடைய தொட்டியை வெளியே மறந்துவிட்டார். ஏழு வருஷம் வளர்த்த செடி. மறுநாள் இலையெல்லாம் கருகி உதிர்ந்து, வெறும் குச்சியாக நின்றது. அதை கராஜ் மூலையில் தள்ளி வைத்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. நேயர்களுக்குத் தெரிந்தால் சிரிக்க மாட்டார்களா?

மார்ச்சில்தான் அவர் அதைக் கவனித்தார். ஏழாம் எபிசோடு, 'குளிர்காலத்தில் கறிவேப்பிலை', இருநூற்றுப் பதினான்கு முறை கேட்கப்பட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. ஏறக்குறைய அத்தனையும் ஒரே ஊரிலிருந்து, சான்டா கிளாராவிலிருந்து!

"சிலிக்கான் வேலி, பவளம்! பெரிய நர்சரிக்காரனா இருக்கும். இல்லாட்டி எவனாச்சும் கறிவேப்பிலைக்கு ஆப் எழுதறானோ என்னமோ." அந்த வாரம் முழுக்க அவருக்குக் கால் தரையில் படவில்லை. இருபத்து நான்காம் எபிசோடில், "சான்டா கிளாரா நேயர் அவர்களே, தயவுசெய்து தொடர்பு கொள்ளவும்" என்று நம்பரையும் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. பவளமும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், என் பேர் மானஸா. சான்டா கிளாராலேர்ந்து பேசறேன். உங்க ஏழாவது எபிசோடை டெய்லி கேக்கறது நாங்கதான்."

"ரொம்ப சந்தோசமுங்க! உங்களுக்கு நர்சரிங்களா?"

"ஐயோ, இல்ல அங்கிள். தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பையன் ஆதர்ஷுக்கு எட்டு மாசம். பகல்ல தூங்கவே மாட்டான். யாரோ வாட்ஸ்அப்ல உங்க லிங்க்கை அனுப்பினாங்க. கிச்சன்ல ப்ளே பண்ணினேன், நாலு நிமிஷத்துல தூங்கிட்டான்! அன்னிலேர்ந்து நாங்க எவ்வளவோ ட்ரை பண்ணிட்டோம் அங்கிள். வேற எபிசோடு போட்டாக்கூட அழறான். ஏழாவதுதான் வேணும்."

பவளம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினாள். சிரிப்பு அங்கிருந்தும் கேட்டது. நஞ்சப்பன் "நல்லதுங்க, கொழந்தையப் பாத்துக்கோங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பவளம் வந்தபோது அவர் ஹாலில் இல்லை. க்ளாசெட்டில் மைக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? இருபத்தஞ்சாவது இன்னும் பாக்கி இருக்குதே?"

"எதுக்கு? தாலாட்டுப் பாடறதுக்கா?" என்றார். ஆறு மாதம் இருட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அதை மெனக்கெட்டுக் கேட்ட ஒரே ஜீவன் நான்கு நிமிடத்தில் தூங்கிவிட்டது. வலிக்காமல் என்ன செய்யும்? பவளத்துக்குத் தான் சிரித்தது உறுத்தியது. அவர் பின்னாலேயே கராஜுக்குப் போனாள்.

மைக்கை அலமாரியில் வைக்கும்போது போன் கிணுகிணுத்தது. மானஸா அனுப்பிய ஒரு படம், கூடவே ஒரு குரல் செய்தி. பவளம்தான் அழுத்தினாள்.

"அங்கிள், நீங்க டக்னு வெச்சுட்டீங்க, முக்கியமானதைச் சொல்லவே இல்ல. தூங்கறது அவன்தான் அங்கிள், நான் முழுசாக் கேக்கறேனே! இருநூறு தடவை கேட்டுட்டேன், வரிக்கு வரி மனப்பாடம். இதுவரைக்கும் நான் ஒரு துளசிகூட வளர்த்ததில்ல. உங்க பேச்சைக் கேட்டுத்தான் ஒரு கறிவேப்பிலைச் செடி வாங்கினேன். ஜனவரில மொத்த இலையும் கொட்டிடுச்சு. என் ஹஸ்பெண்ட் ட்ராஷ்ல போடுன்னார். ஒன்பதாவது நிமிஷத்துல நீங்க சொல்வீங்களே, 'எல்லா எலையும் கொட்டிருச்சுன்னு தூக்கிப் போட்றாதீங்க. அடித்தண்டை நகத்தால கீறிப் பாருங்க. உள்ள பச்சை இருந்தா உசிரு இருக்குது, சித்திரை வரைக்கும் பொறுங்க'ன்னு. கீறிப் பார்த்தேன் அங்கிள். பச்சை! இப்ப பாருங்க படத்தை."

பால்கனித் தொட்டியில் விரல் நீளத் துளிர்கள் நான்கு. பக்கத்தில் வாயில் கையை வைத்துக்கொண்டு ஒரு குண்டுப் பயல்.

நஞ்சப்பன் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் பார்வை கராஜ் மூலைக்குப் போனது. பவளமும் அங்கேதான் பார்த்தாள். இத்தனை நாளாக அவளுக்கு அந்தக் குச்சியைத் தெரியாதா என்ன? தெரியும். அவர் மனசு நோகும் என்று கேட்காமல் விட்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, நீங்க கீறிப் பாத்தீங்களா?"

இல்லை, பார்க்கவில்லை. வெட்கத்தில் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. மெல்லக் குனிந்து, மண்ணை ஒட்டிய தண்டில் நகத்தை வைத்தார். தவிட்டு நிறப் பட்டை ஒரு நெல் அளவு உரிந்தது.

பச்சை!

"பவளம்!" என்றார், சின்னப்பிள்ளை மாதிரி. "இருக்குது பவளம், உசிரு இருக்குது!" தொட்டியை வெயிலுக்கு இழுத்து வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, சட்டையில் கையைத் துடைத்தார். அலமாரியில் இருந்த மைக்கைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"செடியை மறந்து வெளிய விட்டது, குச்சியா நின்னது, எல்லாத்தையும் நாளைக்கு ஒளிவுமறைவில்லாமச் சொல்லிரலாமா?"

பவளம் மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "சொல்லுங்க. ஆனா இப்பக் கத்துன மாதிரிக் கத்தாம, மெதுவாச் சொல்லுங்க. கொழந்தை தூங்கோணும்."