பிள்ளைகள் பாடாமல் விட்ட சொல்

சர்வேசுரனுடைய இரக்கத்தை ருசித்தவர்களுக்கும், அது தங்களுக்கும் கிடைக்குமா என்று காத்திருப்பவர்களுக்கும், தக்கலைக்குத் தெற்கே ஒரு சிறிய கோயில் பங்கைச் சேர்ந்தவனும் தொழிலால் வக்கீலுமாகிய நான் எழுதுவது.

எங்கள் ஒரே மகள் ரோசம்மாள் இறந்த அன்று என் மனைவி திரேசம்மாள் பேசுவதை நிறுத்திவிட்டாள். இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதத்தில். மறு ஆனி வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நான் ஆண்டவரிடம் கேட்டதையும், பெற்றுக்கொண்டதையும் சொல்லவே இதை எழுதுகிறேன். கோர்ட்டில் சாட்சிக்கூண்டில் ஏறுகிறவனிடம் நாங்கள் எதிர்பார்ப்பது, கண்டதையும் கேட்டதையும் சொல்ல வேண்டும், தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது என்பதுதான். அந்த விதிக்கு நானும் கட்டுப்படுகிறேன்.

ரோசம்மாள் எங்களுக்குக் காலந்தாழ்ந்து பிறந்தவள். அந்த வருடம் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். கோயிலில் உபதேசியார் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசத்தை மாலையில் அடுக்களை வாசலில் அமர்ந்து தாயிடம் ஒப்பிப்பாள். திருச்சபையின் ஏழு அருட்சடங்குகளாகிய தேவதிரவிய அனுமானங்களையும் வரிசை தவறாமல் சொல்லத் திரேசம்மாள் அவளுக்கு விரல்களைப் பழக்கியிருந்தாள். பெருவிரலில் ஞானஸ்நானம். அடுத்ததில் உறுதிபூசுதல். நடுவிரலில் நற்கருணை. மோதிரவிரலில் பாவசங்கீர்த்தனமாகிய பச்சாத்தாபம். சுண்டுவிரலில் அவஸ்தைப்பூசுதல், அதாவது மரண ஆபத்தில் இருப்பவர்களுக்குக் குருவானவர் பரிசுத்த எண்ணெய் பூசித் தருவது. பிறகு மறு கையில் குருத்துவமும் மெய்விவாகமும். குழந்தை அதைப் பாட்டாகவே பாடுவாள். நான் முன்னறையில் கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் நடுவே வந்து விழும். அப்போது அது எனக்கு இடைஞ்சலாக இருந்தது. இன்று அந்த இடைஞ்சலுக்காக எதையும் கொடுப்பேன்.

விஷசுரம் வந்தது. வைத்தியரும் பார்த்தார், ஆஸ்பத்திரி டாக்டரும் பார்த்தார். நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் பங்குச் சாமியாரை அழைத்தோம். கொட்டும் மழையில் பனையோலைக் குடையின் கீழ் நற்கருணையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நடந்தே வந்தார். குழந்தை பாவசங்கீர்த்தனம் செய்தாள். அந்தப் படுக்கையிலேயே அவளுக்குப் புதுநன்மையும் கிடைத்தது. பிறகு சாமியார் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். ரோசம்மாள் தாயின் பக்கம் திரும்பினாள்.

“நாலாவதும் மூணாவதும் ஆச்சு. இது எத்தனாவதும்மா?”

“அஞ்சாவது மக்கா,” என்றாள் திரேசம்மாள், மகளின் சுண்டுவிரலைப் பிடித்தபடி.

அதுதான் கடைசி. பொழுது விடியுமுன் குழந்தை போய்விட்டாள். அடக்கத்திலும் திரேசம்மாள் அழவில்லை, பேசவில்லை. வந்தவர்கள் அதிர்ச்சி என்றார்கள். நாற்பதாம் நாள் பூசை முடிந்தும் பேசவில்லை. டாக்டர் தொண்டையைப் பரிசோதித்து ஒரு குறையும் இல்லை என்றார். மந்திரவாதியைக் கூப்பிடச் சொன்னவர்களை நான் வாசலோடு அனுப்பிவிட்டேன். அவள் வீட்டு வேலைகளைச் செய்தாள். பூசைக்கு வந்தாள். செபமாலையை உருட்டினாள், உதடு மட்டும் அசையாது. வலது கையின் சுண்டுவிரலை இடது கைக்குள் பொத்திவைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வளையல்கள் முழங்கை வரை ஏறத் தொடங்கின.

பங்குனியில் வைத்தியர் என்னைத் தனியே அழைத்தார். “வக்கீலே, மருந்து கேக்குத நோயில்ல இது. இப்பிடியே போனா வாற மழய அவ தாண்டமாட்டா. பேச வையுங்க, இல்லாட்டி அழ வையுங்க,” என்றார்.

இரண்டும் என்னால் முடியவில்லை. பேசுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு என் வீட்டில் ஒரு வாக்கியத்துக்கும் பதில் கிடைக்கவில்லை. அன்று மாலை கோயிலுக்குப் போய் தேவமாதாவின் சுரூபத்தின் முன் நின்றேன். அதுவரை மகளைப் பற்றி ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருந்தவன், அன்று அந்த வழக்கை வாபஸ் வாங்கினேன். என் மனு சிறியதாக இருந்தது. “மகளைத் திருப்பிக் கேட்கவில்லை. மனைவியின் பழைய சிரிப்பையும் கேட்கவில்லை. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் தாரும். என்னைச் சபிக்கிற சொல்லாக இருந்தாலும் சரி.” அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் இதே சொற்களில் கேட்டேன். பதில் இல்லை. சித்திரை போனது, வைகாசி போனது.

ஆனி பிறக்குமுன் கோயிலின் ஓட்டுக்கூரையைப் புதுப்பிக்கப் பிரித்தார்கள். பூசைக்கு ஓர் ஓலைப்பந்தல் போதுமானதாயிருந்தது, ஆனால் ஞானோபதேச வகுப்புக்கு இடமில்லை. உபதேசியாரும் கால் வீங்கி அருமனையிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாமியார் என்னிடம் வந்தார்.

“வக்கீலே, உம்ம வீட்டு முன்கூடம் பெரிசுல்லா. ஞாயித்துக்கிழம பூசைக்குப் பெறவு பிள்ளையள அங்க அனுப்புகேன். நீரே சொல்லிக்குடும்.”

“சாமி, அந்தப் பிள்ளைகள் ரோசாவோடு படித்தவர்கள். திரேசம்மாள் தாங்கமாட்டாள்.”

“நீரும் தாங்கமாட்டீர்னு சொல்லும். அப்பிடியானாலும் அனுப்புவேன்,” என்றார்.

திரேசம்மாளிடம் சொன்னேன். அவள் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஞாயிறு காலை பூசையிலிருந்து திரும்பியபோது முன்கூடத்தில் பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள். தென்மேற்குப் பருவ மழையில் நனைந்த தலைகளும், வாழையிலைக் குடைகளும், சேற்றுக் கால்களுமாக முன்கூடம் நிறைந்தது. அவர்களுக்குத் தலைவி பிலோமினா. கோயில் பாயில் ரோசம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், அவளைவிட இரண்டு வயது மூத்தவள், பாட்டு எடுத்துக்கொடுப்பவள். அவளுக்கு அடங்காத ஒரே ஜீவன் மிக்கேல். முதல் வாரமே அவன் என்னிடம் கேட்டான்.

“ஐயா, இந்த மழையில சம்மனசுக்குச் செறகு நனைஞ்சா பறக்குமா?”

தேவதூதர்களின் சிறகு பாடத்தில் இல்லை என்றேன்.

“நனையாதுல,” என்றாள் பிலோமினா. “தாராவுக்கு நனையுதா?”

“தாரா பறக்குமாட்டி?”

வாத்து பறப்பதை அங்கே யாரும் கண்டதில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வீட்டில் வெகு நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. நான் உள்ளறைக் கதவைப் பார்த்தேன். அது திறக்கவில்லை.

இப்படிச் சில வாரங்கள் போயின. பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனைகள். கேள்வியை நான் கேட்பேன், பதிலை அவர்கள் இராகமாகப் பாடுவார்கள். அந்த இராகம் எங்கள் பக்கத்துப் பங்குகளில் வழிவழியாக வருவது. யார் அமைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு சொல் குறைந்தால் நடை இடறும், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிறு தேவதிரவிய அனுமானங்கள் வந்தன. அந்தப் பாடத்தைத் தள்ளிவைக்கவே எனக்கு ஆசை. ஆனால் வரிசைப்படி அதுதான் அடுத்தது.

“தேவதிரவிய அனுமானங்கள் எத்தனை?”

“ஏழு.”

“அவை யாவை?”

அவர்கள் பாடினார்கள். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம். அதன் பிறகு ஒரு தடங்கலும் இல்லாமல் குருத்துவம், மெய்விவாகம். நடை இடறவில்லை. பச்சாத்தாபத்தின் கடைசி அசையை நீட்டி அந்த இடத்தை நிரப்பிவிட்டிருந்தார்கள். இப்படிப் பாட முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

“மறுபடியும்,” என்றேன்.

மறுபடியும் அதே நீட்டல்.

“ஏழு என்று சொல்லிவிட்டு ஆறுதானே சொல்கிறீர்கள். மிக்கேல், எழுந்து எண்ணிச் சொல்.”

மிக்கேல் விரல்களை மடக்கினான். மோதிரவிரலை மடக்கியவன், சுண்டுவிரலை நீட்டியபடியே விட்டுவிட்டு மறு கைக்குத் தாவினான். பிலோமினாவைப் பார்த்தான். “ஒண்ணு மறந்து போச்சுய்யா.”

“எல்லாருக்குமா? அதுவும் ஒரே ஒன்றா?”

சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் குரல் எனக்குத் தானாகவே வந்துவிட்டது. பிள்ளைகள் தலை குனிந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு சிறு பெண்தான் உடைந்தாள்.

“பிலோமியக்காதான் சொல்லப்பிடாதுன்னா. கோயில்ல சொல்லலாம், இந்த வீட்டுல சொல்லப்பிடாதாம். சொன்னா ரோசாக்க அம்மைக்க நெஞ்சு பொட்டிப்போவுமாம்.”

பிலோமினா அவளை முறைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை.

நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். அந்தக் குழந்தைகள் பழகிக்கொண்டு வந்திருந்த தவறைத் திருத்த நான் முனையவில்லை. ஓட்டின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கரகரத்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல.

“அவஸ்தைப்பூசுதல்.”

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. திரேசம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மெதுவாக நடந்து வந்து பிலோமினாவின் முன் பாயில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, அத விடப்பிடாதுட்டி. எனக்க மவளுக்கு அது கெடச்சிதுல்லா. நீங்க அத வுட்டுப் பாடினியன்னா, அவளுக்கு ஒண்ணுமே கெடைக்காமப் போன மாதிரில்லா இருக்கு.”

அவ்வளவு நேரம் தைரியமாக இருந்த பிலோமினா அழுதுவிட்டாள். திரேசம்மாள் அவளைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அவளும் அழுதாள். அடக்கத்தன்று அழாத அழுகை அது. நான் கூடத்தின் ஓரமாக நகர்ந்து மழையைப் பார்த்து நின்றேன்.

மிக்கேலின் குரல்தான் முதலில் கேட்டது. “நான் அப்பமே சொன்னேன், ஏழு வரல்லன்னு.”

“போல, ஆறு விரல்காரா,” என்றாள் பிலோமினா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

திரேசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சரி. மொதல்ல இருந்து பாடுங்க. விரல மடக்கிப் பாடணும்.”

பாடினார்கள். சுண்டுவிரல் வந்தபோது எல்லாக் கைகளிலும் அது மடங்கியது. அவளுடைய கையிலும் மடங்கியது.

நான் கேட்டது ஒரு சொல். கிடைத்ததும் ஒரு சொல்தான். எந்தச் சொல்லை நான் அவள் காதில் விழாமல் காக்க நினைத்தேனோ, அதுவாகவே கிடைத்தது. அதற்குப் பின் வந்தவையெல்லாம் மனுவில் கேட்காமலே வழங்கப்பட்டவை. அன்று மதியம் அவள் என்னிடம், “கஞ்சிக்குப் பயறு போடட்டுமா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லத் தாமதித்ததால் அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பு எனக்குத் தோத்திரப் பாடலாகக் கேட்டது. இது தற்செயல் என்று யாரும் வாதிடலாம். நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. சாட்சிக்கு அது வேலையல்ல.

கோயில் கூரை முடிந்த பிறகும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். பாடம் திரேசம்மாளுடைய கைக்குப் போனது. கேள்வி கேட்க மட்டும் என்னை அனுமதித்தாள். ஒவ்வொரு வருடமும் புதுநன்மைக்கு முந்திய நாள் எங்கள் வீடு வீடாக இருக்காது. வெள்ளை உடைகள் கொடியில் ஆடும், காகிதப்பூ முடிகள் என் சட்டப் புத்தகங்களின்மேல் காயும், அடுக்களையில் முந்திரிக்கொத்து பொரியும் வாசனை தெருவரை போகும். ஒரு வருடம் மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு பையனுக்குச் சட்டையில்லாமல், என் கறுப்புக் கோட்டைக் கைமடித்துப் போட்டு அனுப்ப இருந்தாள். நல்லவேளையாக எங்கிருந்தோ ஒரு வெள்ளைச் சட்டை வந்து என்னைக் காப்பாற்றியது. பத்து வருடங்கள் இப்படி நடந்தது. என் வாழ்வின் நல்ல காலம் எது என்று கேட்டால், மகளை இழந்த பின் வந்த இந்த வருடங்களைத்தான் சொல்வேன். அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

சென்ற மாசியில் திரேசம்மாள் நோயில் விழுந்தாள். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இந்த முறை அதைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. தைரியம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சாமியார் வந்து எண்ணெய்ச் சிமிழைத் திறந்தபோது அவள் கண்கள் என்னைத் தேடின. வலது கை போர்வையின்மேல் மெல்ல அசைந்தது. சுண்டுவிரல் மட்டும் நிமிர்ந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“அஞ்சாவது,” என்றேன்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். வலி தீர்ந்தவளைப் போல.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு பிலோமினா வந்தாள். இப்போது அவள்தான் பாட்டு எடுத்துக்கொடுக்கும் ஆசிரியை. “ஐயா, இண்ணைக்கு வேண்டாம்னா பிள்ளையளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள். வேண்டும் என்றேன். பாய்களை நானே விரித்தேன். தேவதிரவிய அனுமானங்கள் எத்தனை என்று கேட்டேன். ஏழு என்றார்கள். பாடத் தொடங்கினார்கள். பச்சாத்தாபம் வந்ததும் குரல்கள் தயங்கின. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள்.

நான் சுண்டுவிரலை மடக்கி அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர்கள் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். ஏழும் முடிந்தன.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவரும் வாயெடுத்துச் சொல்லாத ஒரு சொல் இருக்கலாம். உங்கள் செபத்திலும் அதை விட்டுவிட்டு, குரலை நீட்டி இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லிக் கேளுங்கள். சிறிதாகக் கேட்டாலும் போதும். கேட்கிறவர் உள்ளறையில்தான் இருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கே என்றென்றும் தோத்திரம்.