பாடி மேம்பாலம் ஏறாத வண்டி

அழகேசனுக்கு அலுத்துவிட்டது. வண்டி மேல் அலுப்பு, தன் மேல் அலுப்பு, "ஹெட்டைத் திரும்பப் பிரிச்சிப் பாரு" என்று புத்தி சொல்கிறவர்கள் மேல் அதைவிட அலுப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம், நசரத்பேட்டையில் தன் வீட்டு வாசலில், பழைய ஆம்னி வேனின் முன் சீட்டைத் தூக்கிவிட்டு, அதற்கடியில் இருக்கும் இன்ஜினைப் பார்த்தபடி போல்ட் கழற்றும் பானாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பிரிக்கவும் மனசில்லை, பிரிக்காமல் விடவும் வழியில்லை.

அந்த வண்டிதான் அவர்கள் கடை. மனைவி வடிவு விடியுமுன் எழுந்து இட்லியும் பொங்கலும் வடகறியும் செய்வாள். அதை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி நெரிசலில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து, பாடி மேம்பாலம் ஏறி இறங்கி, ஒரு கம்பெனி கேட் எதிரே நிறுத்துவார்கள். நைட் ஷிப்ட் விட்டு வெளியே வருகிறவர்களுக்கு அவர்கள் வண்டிதான் முதல் சோறு. அதே கம்பெனியில்தான் அழகேசன் இருபது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தார். என்ன வேலை? இன்ஜின் வரும், அதன் மேல்மூடியான ஹெட்டின் போல்ட்டுகளை வரிசை மாறாமல், அளவு மாறாமல் இறுக்குவார், இன்ஜின் போகும். அவ்வளவுதான். பிறகு அந்த லைனையே மூடி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பினவர்கள் கேட்டிலேயே போய் இட்லி விற்கிறோமே என்று முதல் மாதம் கூசியது. அப்புறம் கூச்சப்பட நேரமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வண்டி வெள்ளைப் புகை விட்டது, தண்ணீர் கொதித்தது. ஹெட்டுக்கு அடியில் கசிவு தடுக்கும் கேஸ்கட் போயிருந்தது. பூந்தமல்லி மெக்கானிக் கங்காதரன் பட்டறையில் பூஜைக்குள் முடிக்கவேண்டிய வண்டிகள் தெருவரைக்கும் நின்றன.

"போல்ட்டு இறுக்கறது எனக்குத் தெரியாதா இன்னா? நானே மாத்திக்கிறேன்" என்று அழகேசன் திரும்பி வந்துவிட்டார்.

நன்றாகத்தான் செய்தார். ஒன்றே ஒன்று. பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்ட் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும்போது, அது எந்த வாக்கில் உட்கார்ந்திருந்ததோ அதே வாக்கில் திரும்பவும் உட்காரவேண்டும். அதற்கு அடையாளம் வைக்க வேண்டும். ஹெட்டின் மேல் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கோடு கீறினார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கீற மனம் வரவில்லை, கையில் பேனாவும் இல்லை. டேஷ்போர்டில் முருகன் படத்துக்கு முன்னால் குங்குமச் சிமிழ் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் இருந்த ஆயிலில் குழைத்து, கோட்டுக்கு நேராக ஒரு பொட்டு வைத்தார். ஹெட் மட்டும், சமப்படுத்த, பாடியில் இருக்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போனது; மற்ற சாமான்கள் வீட்டில் கிடந்தன. பூஜை லீவெல்லாம் கழித்து வந்தது. கோட்டுக்கு நேரே பொட்டை வைத்துப் பூட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. வடிவு சூடம் காட்டினாள்.

ஆனால் பிக்கப் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் வண்டி சோம்பிக்கொண்டே போனது, சைலன்சர் நெருப்பாகச் சுட்டது. பாடி மேம்பாலத்தில் பாதி ஏறும்போது முதல் கியருக்கு வந்து, பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்த, அவர்கள் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஷிப்ட் கூட்டம் கலைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. காலி இடத்தைப் பார்த்துக் கொரட்டூர் லோகநாயகி தன் டிபன் வண்டியைக் கொண்டுவந்து அங்கே போட்டுவிட்டாள். கேட் செக்யூரிட்டி ஜஸ்டின் நல்லவர். "அண்ணாத்தே, திங்கக்கெழம நேரத்துக்கு வந்துரு. அந்தம்மாவை அதுக்கு மேல நான் தள்ளிவைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அழகேசன் பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார், ஏர் பில்டரை மாற்றினார். தண்ணீர் குறையவில்லை, ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுக்கவுமில்லை. கேஸ்கட்டில் குற்றமில்லை என்று அவருக்குத் தெரியும். கங்காதரன் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கேஸ்கட்டு சரியா உக்காரல நைனா. ஊட்ல செஞ்சா இப்டித்தான். ஹெட்டைப் பிரி" என்றார். அதுதான் அழகேசனுக்கு வலித்தது. வாழ்க்கையில் அவர் தப்பில்லாமல் செய்த ஒரே காரியம் அந்தப் போல்ட்டுகள்தான். அதிலும் குற்றமா? பிரித்தால் ஒரு வாரம் போய்விடும், திங்கட்கிழமையும் போய்விடும், கேட்டும் போய்விடும்.

முதல் போல்ட்டில் பானாவை மாட்டியபோது வடிவு குங்குமத்தோடு வந்தாள். வெள்ளிக்கிழமை ஆனால் வண்டிக்குப் பொட்டு வைப்பது அவள் வழக்கம். ஸ்டியரிங்குக்கு வைத்தாள். சீட் தூக்கியிருந்ததால், குனிந்து இன்ஜினில் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டரில் ஒன்று.

"அதுக்கு இன்னாத்துக்கும்மே பொட்டு?" என்றார் அழகேசன், எரிச்சலோடு.

"பூஜ அன்னிக்கு எல்லா சாமானுக்கும்தான் வெச்சேன். இதுக்கும் இங்கதான் வெச்சேன்."

பானா அப்படியே நின்றது. "பூஜ அன்னிக்கா? அப்போ அதுல ஏற்கெனவே பொட்டு இருந்துச்சே?"

"என்னவோ செவப்பா பிசுக்கு ஒட்டிகினு இருந்துச்சு. மண்ணெண்ணெய் போட்டு எல்லாத்தையும் தொடச்சிட்டுத்தான் வெச்சேன். அழுக்கு மேலயா சாமிக்குப் பொட்டு வெப்பாங்க?"

அவர் வைத்த பொட்டை அவள் துடைத்து, பக்கத்தில் தன் பொட்டை வைத்திருக்கிறாள். அவர் கோட்டுக்கு நேரே பூட்டியது அவள் பொட்டை. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. யாரைத் திட்டுவது? குங்குமத்தில் அடையாளம் வைத்த மடையன் யார்?

"ஒரு டீ போடேன்" என்று அவளை உள்ளே அனுப்பினார். இன்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பைத் தளர்த்தி, காதை வைத்துக் கேட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். அரை விரற்கடை நகர்ந்ததும் இருமிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று சீராக ஓடியது. இறுக்கினார். இந்த முறை உளியை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரிலும் ஒரு கோடு போட்டார். இனி அவள் எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைக்கட்டும்.

திங்கட்கிழமை விடிகாலை, இட்லிக் குண்டானோடு வண்டி மூன்றாவது கியரிலேயே பாடி மேம்பாலம் ஏறியது. பக்கத்து சீட்டில் வடிவின் முகம் நெடுநாளைக்குப் பிறகு இறுக்கம் விட்டிருந்தது.

"பாத்தியா? ஹெட்டைப் பிரிக்கவே இல்ல. குங்குமம் வெச்சேன், வண்டி எப்டி ஏறுது பாரு. அந்தக் கங்காதரனுக்குப் போன் பண்ணிச் சொல்லு."

கங்காதரனிடம் சொல்ல அழகேசனிடம் வேறொன்று இருந்தது. என் போல்ட்டு சரியாகத்தான் இருந்ததுடா என்று கத்திச் சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் குங்குமத்தில் அடையாளம் வைத்த மிச்சக் கதையையும் சொல்லவேண்டும்.

"நீயே சொல்லு" என்றார். அவள் போனை எடுத்தாள்.