ஒன்பது கோடை

ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. டெல்டாவில் மற்றவர்களுக்கு அது அறுவடை முடித்துக் காலை நீட்டுகிற காலம். என்னைப் போல வாய்க்கால் தூர்வாரும் சின்ன ஒப்பந்தக்காரனுக்கோ வருஷமே அதுதான். மேட்டூரை அடைத்ததிலிருந்து திறக்கும் வரை ஏறக்குறைய நாலு மாதம். அதற்குள் டெண்டர் எடுத்து, மண்ணை அள்ளி, மதகைச் சரிசெய்து, கரையைக் கட்டி முடிக்க வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் பொக்லைனை ஓரங்கட்டிவிட்டுக் காம்பவுண்டு சுவர், கழிவறை என்று கிடைத்ததைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் குடவாசல் பக்கத்து வாய்க்கால் ஒன்றுக்கு டெண்டர் வந்தது. என் அளவுக்குத் தோதான வேலை. சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனவன் பணியாளர் பகுதி வந்ததும் நின்றுவிட்டேன். சைட் இன்ஜினியருக்குப் பாசன வாய்க்கால் பணியில் அறுபது மாத அனுபவம் இருக்க வேண்டுமாம். அதையும் பழைய பணி ஆணைகளின் தேதிகளை வைத்து மாதக் கணக்காகக் காட்ட வேண்டுமாம்.

என்னிடம் இருந்த இன்ஜினியர் ஒரே ஒரு பெண். டிப்ளமோ முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கட்டிய நல்ல சேலையோடு நேராகக் கரைக்கு வந்து, வாய்க்காலின் நீர்வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். பொக்லைன் டிரைவர்கள் எனக்குப் பயப்பட மாட்டார்கள், அவளுக்குப் பயப்படுவார்கள். ஒன்பது கோடை என்னோடு நின்றிருக்கிறாள். நாலு நாலு மாதமாகக் கூட்டினால் முப்பத்தாறுதான் வந்தது. அறுபதை எட்ட இன்னும் ஆறு கோடை வேண்டும். வருஷம் முழுக்க வேலை நடக்கிற வெளியூர்ப் பெரிய கம்பெனிகளுக்கு அந்த ஷரத்து ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்குத்தான் வாசலிலேயே கதவைச் சாத்தினார்கள்.

தஞ்சாவூரில் டெண்டர் பேப்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடைக்காரர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார், ஒரு தொகை கொடுத்தால் சான்றிதழை வாடகைக்குத் தருவார், ஆள் சைட் பக்கமே வர மாட்டார், எல்லாரும் செய்வதுதான் என்றார். எல்லாரும் செய்வதுதான் என்று எனக்கும் தெரியும். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து நான் வண்டியை எடுக்கும்போதுதான் பேசினாள்.

“அவரு பேரு பேப்பர்ல நிக்கும், நான் வெயில்ல நிக்கணும். கணக்குல வராத வேலைய எத்தனை வருஷம்ணே பாக்குறது? திருச்சியில அபார்ட்மெண்ட் கட்டுறவங்க கூப்புடுறாங்க. இந்த டெண்டர்ல நான் இன்ஜினியர் இல்லன்னா, போயிடுறேங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பாபநாசத்தில் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே அந்த ஷரத்தை எதிர்த்துத் துறைக்கு எழுதி அனுப்பினேன். எழுத வைத்தது பயமில்லை, ஆத்திரம்.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் என்னைப் போன்ற சின்ன ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பாதிப் பேரின் பையில் வாடகைச் சான்றிதழ் இருந்திருக்கும். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே ஷரத்துதான், ஒருத்தருக்காக மாற்ற முடியாது, அனுபவம் என்றால் மாதக் கணக்குதான் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

“மத்த எட்டு மாசம் வாய்க்கால்ல தண்ணி ஓடுதுங்க. ஓடுற தண்ணியில எறங்கி என்னங்க வேலை பாக்குறது? இந்த ஊர்ல ஒரு கோடைதாங்க ஒரு வருஷம்.”

குரல் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. பின்வரிசையில் யாரோ ஆமாங்க என்றார்கள். பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர். அதிகாரி குறித்துக்கொண்டார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று கூட்டத்தை முடித்தார்.

அதற்குப் பிறகுதான் என் பாடு திண்டாட்டம். டெண்டர் தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனில் திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருக்காது. அப்புறம் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம். அது ஏற ஏற, சீக்கிரம் திறந்துவிடுவார்களோ என்று எனக்குள் ஏதோ இறங்கும். டீக்கடையில் கடைமடை விவசாயி ஒருவர், உங்க சண்டையில எங்க தண்ணிய நிறுத்திடாதீங்க என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாய்க்கால் தூர்வாராமல் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் காய்வது அவர் வயல்தான். பேசாமல் வாடகைச் சான்றிதழே வாங்கியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. அவளோ தினமும் வந்து பழைய கருவிகளைத் துடைத்துவைத்துவிட்டுப் போனாள். திருச்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒருவழியாகத் திருத்தம் வந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு பணிப்பருவம் ஓராண்டு அனுபவமாகக் கொள்ளப்படும். ஐந்து பருவம் போதும். டீக்கடையில் உட்கார்ந்து அவள் அதை என் போனில் இரண்டு தடவை படித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு டீ சொன்னாள். நான் ஊர் முழுக்க வண்டியில் சுற்றி, பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

கதவு எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்தான் திறந்தது என்பது விலைப்புள்ளி பிரித்த அன்றுதான் உறைத்தது. பழைய ஷரத்து இருந்திருந்தால் உள்ளேயே வர முடியாத குத்தாலத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் என்னைவிடக் குறைத்துப் போட்டு வேலையை எடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

ஒரு வாரம் போயிருக்கும். அவரே கூப்பிட்டார். அவர் காட்டியிருந்த இன்ஜினியர் வளைகுடா விசா வந்து கிளம்பிவிட்டாராம். உங்கள் இன்ஜினியர் பெண்ணின் சான்றிதழை மட்டும் கொடுங்கள், ஆள் உங்களிடமே இருக்கட்டும், பார்த்துச் செய்கிறேன் என்றார். அந்தக் கோடைக்கு அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேலை எதுவும் இல்லை. எதிரில்தான் இருந்தாள். போனை வைக்காமலே விஷயத்தைச் சொன்னேன்.

“பேப்பர் மட்டும் போவாதுங்கண்ணே,” என்றாள். “போனா நானும் போவேன்.”

போய்விட்டாள். நான் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். சண்டை போட்டது நான், வேலை அவருக்கு, ஆளும் அவருக்கு. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவளிடமிருந்து போன். அவர்களுடைய மட்டம் பார்க்கிற லெவல் கருவி தப்பாகக் காட்டுகிறது, இப்படியே வெட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது, நம்ம லெவலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் கால் செருப்பைத் தேடியது.

கரையில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். குத்தாலத்து டிரைவர்களும் அதற்குள் அவளுக்குப் பயந்து பழகியிருந்தார்கள். கருவியை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தினாள். அளவுக் கம்பைப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. கம்பை என்னிடம் நீட்டினாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கினேன். வயிற்றெரிச்சல் போகவில்லை, ஆனால் அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

“நேரா புடிங்கண்ணே,” என்று மேலிருந்து அதட்டினாள்.

நேராகப் பிடித்தேன்.